ஐ-டூ-சி புல்-அப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு கராஜுக்குச் சனிக்கிழமைதோறும் நாலைந்து பிள்ளைகள் போர்டோடு வருவார்கள். பெரும்பாலும் லோட்ஷெட்டிங்குக்காக வாங்கிய இன்வெர்ட்டரின் பேட்டரியைக் கண்காணிக்கிற போர்டுதான். போன வாரம் ஒரு பையன் கொண்டுவந்த போர்டில், 2022-ல் நான் செய்த தவறு அப்படியே இருந்தது: ஐ-டூ-சி லைனுக்கு, அதாவது சிப்பும் சென்சாரும் பேசிக்கொள்ளும் இரண்டு வயருக்கு, வெளியே புல்-அப் (லைனை மேல் வோல்ட்டேஜுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இல்லை. எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்ற அந்த இரண்டு வயரை மாற்றிச் செருகுவதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

சிப்புக்குள் இருக்கும் புல்-அப்பை நம்புவது

"அங்கிள், புரோகிராமிலேயே புல்-அப் ஆன் பண்ணிட்டேன், வெளியே ரெசிஸ்டர் எதுக்கு?" என்றான் அந்தப் பையன். இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஐ-டூ-சியில் சிப் லைனைக் கீழே இழுக்க மட்டும் செய்யும். கையை விட்டதும் மேலே ஏற்றுவது ரெசிஸ்டரின் வேலை. இந்தப் போர்டுகளில் இருக்கும் ஈஎஸ்பி32 சிப்புக்குள் இருப்பது சுமார் 45 கிலோஓம். லைன் ஏறும் நேரம் ஏறக்குறைய 0.85 × ரெசிஸ்டன்ஸ் × கெப்பாசிட்டன்ஸ். மேசைமேல் குட்டை வயர், 20 பிகோஃபாரட் என்றால் 0.76 மைக்ரோசெகண்ட். 100 கிலோஹெர்ட்ஸில் 1 மைக்ரோசெகண்ட் வரை அனுமதி உண்டு, அதனால் ஓடிவிடும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஒரு மீட்டர் கேபிள் போட்டு 100 பிகோஃபாரட் ஆனால் 3.8 மைக்ரோசெகண்ட்!

நான் ரெசிஸ்டருக்கு இடமே விடாமல் 20 போர்டு அடித்துவிட்டேன். மேசையில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. கொண்டுபோய் மாட்டிய இடத்தில் சென்சார் திடீர் திடீரென்று காணாமல் போனது. புரோகிராமில் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் அதையே மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் ஸ்கோப்பை (சிக்னலை அலையாகக் காட்டும் கருவி) வைத்தால், சதுர அலை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சுறாத் துடுப்புகள். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது. அப்புறம் 40 ரெசிஸ்டரையும் சிப்பின் காலிலேயே கையால் சால்டர் செய்தேன். இரண்டு போர்டில் பேட் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் துண்டு) பிய்ந்து வந்தது. 2.2 கிலோஓம் போட்டதும் ஏறும் நேரம் 0.2 மைக்ரோசெகண்டுக்குள் வந்துவிட்டது.

ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு ஜோடி

கடையில் வாங்கும் மாட்யூல்களில் புல்-அப் ஏற்கெனவே இருக்கும். 4.7 கிலோஓம் உள்ள ஐந்து மாட்யூலை ஒரே லைனில் சேர்த்தால் அவை இணையாகி மொத்தம் 940 ஓம்தான். 3.3 வோல்ட்டில், 3 மில்லிஆம்ப் இழுக்கும் சிப்புக்கு 967 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. ஒன்றிரண்டில் கழற்றிவிடுங்கள்.

3.3 வோல்ட் சிப்பை 5 வோல்ட்டுக்கு இழுப்பது

வேண்டாம். சிப்பின் கால் தாங்குமா என்று டேட்டாஷீட்டில் பார்க்காமல் வேண்டவே வேண்டாம்.

யூஆர்ட்டிலும் போடுவது

யூஆர்ட் (டிஎக்ஸ் அனுப்ப, ஆர்எக்ஸ் வாங்க என்று தனித்தனி வயரில் பேசும் முறை) வேகத்துக்கு இது தேவையில்லை, அது லைனை மேலேயும் கீழேயும் தானே தள்ளும். கேபிள் கழன்றால் ஆர்எக்ஸ் மிதக்கும், அதற்கு மட்டும் ஒரு 10 கிலோஓம்.

இடம் விடாமல் போர்டு அடிப்பது

0603 என்ற சிறிய ரெசிஸ்டர் அளவில் இரண்டு இடம் போதும். தேவையில்லை என்றால் காலியாகவே இருக்கட்டும்.