பாங்காக்கில் வீகன் சாப்பாடு: 'ஜே' என்று சொல்லப் பழகுங்கள்

போன வருடம் ஐந்து நாள் பாங்காக் போயிருந்தோம். நான் வீகன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் தொடுவதில்லை. (நனிசைவம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது, ஆனாலும் பேசும்போது வீகன் என்றுதான் வாயில் வருகிறது.) முதல் ஒன்றரை நாள் பழமும் ரொட்டியுமாக ஓடியது. மூன்றாம் நாள் முதல் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். அது தெரியாமல் யாரும் அந்த ஊரில் பசியோடு அலையக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன். விசா, ஹோட்டல் விஷயங்கள் மற்ற இடங்களில் நிறையவே கிடைக்கும். நான் நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன்.

படி 1: விமானத்தில்

டிக்கெட் போடும்போது 'ஏஷியன் வெஜிடேரியன்' (ஏவிஎம்எல்) எடுக்காதீர்கள். அது நம் ஊர் சைவம், தயிரும் பனீரும் வரும். வீகனுக்கான குறியீடு விஜிஎம்எல். கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாடியே பதிந்துவிடுங்கள்.

படி 2: 'வெஜிடேரியன்' என்று சொல்லாதீர்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் இரவு தெருவோரக் கடை ஒன்றில் "வெஜிடேரியன், நோ மீட், நோ எக்" என்று சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டினார். வாணலியில் தீ எழும்ப, கீரையை இரண்டு புரட்டுப் புரட்டித் தட்டில் போட்டுக் கொடுத்தார். பச்சைப் பசேலென்று கீரை, நசுக்கிய பூண்டு, கீறிய சிவப்பு மிளகாய். பார்க்க முழுச் சைவம். வாய்க்கருகே கொண்டுபோனதும் கருவாட்டு வாடை. அடியில் தேங்கியிருந்த பழுப்புச் சாறு மீன் சாஸும் சிப்பி சாஸும் கலந்தது.

அந்த அம்மா என்னை ஏமாற்றவில்லை. கறித்துண்டு வேண்டாம் என்றேன், அவரும் போடவில்லை. நம் வீட்டில் "எனக்குப் பால் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். பாயசத்தை ஊற்ற மாட்டார்கள், ஆனால் பருப்பில் ஒரு ஸ்பூன் நெய் விழுந்துவிடும். நமக்கு நெய் எப்படியோ அப்படித்தான் அங்கே மீன் சாஸ். உப்புக்குப் பதிலாக ஊற்றுவதை யாரும் மீனாக எண்ணுவதில்லை.

தாய்லாந்து மொழியில் 'மங்சவிரத்' என்றும் ஒரு சொல் உண்டு. மாமிசம் அதற்குள் இருப்பது நமக்குக் கேட்டதுமே புரியும்; மாமிசத்தை விலக்குவது என்று பொருள். ஆனால் அதில் முட்டைக்கும் பாலுக்கும் இடம் உண்டு. நமக்கு வேண்டிய சொல் ஜே. சீன வழியில் வந்தது, விரதச் சாப்பாடு என்று பொருள். ஜே என்றால் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது இவையும் கிடையாது. வாடை அடிக்கும் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். வேண்டாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதில்லை, அத்தனையும் அந்த ஒரே எழுத்தில் அடக்கம். தமிழில் ஜே என்று எப்படிச் சொல்வீர்களோ அதே உச்சரிப்புதான்.

படி 3: கண்ணுக்கு மஞ்சள், வாய்க்கு நாலு வாக்கியம்

ஜே கடைகளில் மஞ்சள் கொடியோ பலகையோ தொங்கும். அதில் சிவப்பு எழுத்து. நமக்கு அது 17 என்ற எண் போலவே தெரியும். ஸ்கைட்ரெயின் என்ற மேம்பால ரயிலிலிருந்து கீழே பார்த்தால்கூடக் கண்ணில் படும்.

பெண்கள் "சான் கின் ஜே க்கா" என்றும், ஆண்கள் "போம் கின் ஜே க்ரப்" என்றும் சொல்ல வேண்டும். நான் ஜே சாப்பிடுகிறவள், சாப்பிடுகிறவன் என்று அர்த்தம். சாதாரணக் கடையில் மாட்டிக்கொண்டால் 'மை சை' (போடாதீர்கள்) சேர்த்து இப்படிச் சொல்லுங்கள்:

மை சை நாம் ப்ளா (மீன் சாஸ் வேண்டாம்)
மை சை நாம் மன் ஹோய் (சிப்பி சாஸ் வேண்டாம்)
மை சை கபி (இறால் விழுது வேண்டாம்)
மை சை கை (முட்டை வேண்டாம்)

கடைசியில் ஒரு சிக்கல் உண்டு. முட்டைக்கும் கோழிக்கும் அவர்கள் காதில் வெவ்வேறு 'க'. நம் எழுத்தில் இரண்டும் 'கை' தான். எப்படிச் சொன்னாலும் நமக்கு இரண்டும் வேண்டாம் என்பதால் கவலை இல்லை.

படி 4: கடை தேடுவது

எல்லோரும் ஹேப்பிகவ் ஆப்பைச் சொல்வார்கள். நல்லதுதான். பச்சைக் குறி முழு வீகன், ஊதா வெஜிடேரியன், சிவப்பு என்றால் சைவமும் கிடைக்கும் கடை. ஆனால் அதில் முன்னால் நிற்பவை பெரும்பாலும் ஏசி போட்ட கஃபேக்கள். அவகாடோ டோஸ்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது என் கட்சி. நான் செய்தது வேறு. மொழிபெயர்ப்பு ஆப்பில் 'ஜே உணவு' என்பதைத் தாய்லாந்து எழுத்தில் எடுத்து, கூகுள் மேப்ஸில் ஒட்டித் தேடினேன். ஆங்கிலத்தில் 'வீகன்' என்று தேடியபோது வராத சந்துக்கடைகள் எல்லாம் வந்து நின்றன.

பயந்த சுபாவம் உள்ளவர்கள் அசோக் ஸ்டேஷனை ஒட்டிய டெர்மினல் 21 மாலில் தொடங்கலாம். ஐந்தாம் மாடியில் பியர் 21 என்ற உணவுக்கூடம் இருக்கிறது. முதலில் கவுண்டரில் பணம் கட்டி கார்டு வாங்க வேண்டும், மிச்சத்தைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். மஞ்சள் பலகைக் கடையில் சோற்றின் மேல் இரண்டு குழம்பைக் கைகாட்டி வாங்கினேன். ஒன்று 'கிரீன் கறி' எனும் பச்சை நிறக் குழம்பு, தேங்காய்ப்பாலில் குட்டிக் கத்தரிக்காய் மிதந்தது. நம் சொதிக்குத் துளசி போட்டால் இருக்கும் வாசம்.

அடுத்தது சைனா டவுன், யாவராத் தெரு. 2019-இல் திறந்த வாட் மங்கோன் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடுவிலேயே வந்துவிடலாம். சனி, ஞாயிறில் சத்துசக் சந்தைக்குப் போனால், பக்கத்திலேயே சாந்தி அசோக் என்ற பௌத்தக் குழுவினரின் சைவ உணவகம் இருக்கிறது. 1985-இல் பாங்காக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சம்லோங் ஸ்ரீமுவாங் அந்தக் குழுவைச் சேர்ந்தவர். காலையிலேயே போய்விடுங்கள். பொதுவாக ஜே கடைகள் மதியத்தோடு பாத்திரம் கழுவிவிடுகின்றன. இரவுச் சாப்பாட்டுக்கு மால்தான் வசதி.

படி 5: பாக்கெட் வாங்கும்போது

சோயா பால் என்று போட்டிருந்தால் வீகன் என்று நினைக்காதீர்கள். பல பிராண்டுகளில் பால்பவுடர் கலக்கிறார்கள். அட்டையில் அந்த 17 குறி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். நூடுல்ஸில் மஞ்சளாக இருக்கும் 'பா மீ' முட்டை சேர்த்தது. வெள்ளையான 'சென் லெக்', கண்ணாடி போன்ற 'வுன் சென்' இரண்டும் சரி.

சேர்க்கை 1: "நவராத்திரிக்குப் போகிறோம், அப்போது சாப்பாடு கிடைக்குமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். தாராளமாகப் போங்கள், அதைவிட நல்ல சமயம் கிடையாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் ஜே திருவிழா. பெரும்பாலும் நம் நவராத்திரியோடு ஒட்டியே வரும். யாவராத் முழுக்க மஞ்சள் கொடி, வெள்ளை உடுத்திய கூட்டம். அதே நாட்களில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலிலும் திருவிழா நடக்கும். தமிழர்கள் கட்டிய கோயில் அது.

சேர்க்கை 2: திருவிழா முடிந்த வாரம் போன நண்பர் ஒருவர், கொடி தொங்கிய கடையில் மீன் சாஸ் ஊற்றியதைப் பார்த்ததாக எழுதினார். கழற்றாமல் விட்ட கொடி அது. ஆகவே கொடியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடாமல், "ஜே மை?" (ஜேதானா?) என்று கேளுங்கள். "ஜே" என்று பதில் வந்தால் உட்காரலாம்.