ஊஃபர் வாங்கும் முன் கதவைக் கழற்றிப் பாருங்கள்

பாளையங்கோட்டையோ டவுனோ, எந்தக் கடையில் காரை விட்டாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பேஸ் பத்தலை, ஒரு ஊஃபர் மாட்டிருங்க." அவரும் அந்த பேஸ் ஸ்பீக்கரை மாட்டிவிடுவார். ஆனால் இருக்கிற ஸ்பீக்கரின் பேஸ், அதாவது அடித்தொனி, எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் ஸ்பீக்கர் வயரின் பிளஸ் மைனஸ். ஒரு கதவில் வயர் மாறியிருந்தால் அந்த ஸ்பீக்கரின் கூம்பு பின்னே இழுக்கும்போது மற்றது முன்னே தள்ளும், இரண்டின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். நையாண்டி மேளம் போட்டால் நாதஸ்வரம் நன்றாகக் கேட்கும், தவிலின் தொப்பிச் சத்தம் மட்டும் காணாமல் போயிருக்கும். பாட்டுச் செட்டிலிருந்து வயரைப் பிரித்துவிட்டு 1.5 வோல்ட் செல்லால் ஒரு தொடு தொட்டுப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே வரும்.

அடுத்தது கதவு. பெரிய தப்பு இங்கேதான். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினால் தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதுவும் கண்ணாடி மோட்டார் பார்த்தவர் கிழித்துப் போட்டதாக இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அந்த வழியாக வந்து முன்பக்க பேஸைத் தின்றுவிடுகிறது. பியூட்டைல் என்ற ரப்பர் ஷீட் ஒட்டி அடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். விலை குறைவு என்று தார் ஷீட் ஒட்டாதீர்கள், நம்மூர் சித்திரை வெயிலில் இளகி வண்டியெல்லாம் நாறும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளையும் அடைத்துவிட வேண்டாம்; ஐப்பசி மழை உள்ளேயே நின்று துரு பிடிக்கும்.

பேஸ் பூஸ்ட்டை முழுக்கத் திருகுவதும் வேண்டாத வேலை. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் கரகரக்கும், ரொம்ப நாள் அப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும். சப் ஊஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹை பாஸ் (கீழ் ஒலியை வெட்டும் வடிகட்டி) வைத்து, அதற்குக் கீழே உள்ளதை ஊஃபரிடம் விட்டுவிடுங்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 500 வாட், 1000 வாட் எல்லாம் சும்மா. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து ஓடுகிற வாட். 50x4 (நாலு சேனலுக்குத் தலா 50 வாட்) என்று எழுதிய செட்டே சேனலுக்கு 20 வாட் தொடர்ந்து கொடுத்தால் பெரிய விஷயம்.

அப்புறம், நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் ஓடும்போது டயர் இரைச்சல் பேஸை மூடும், அதை வைத்து செட்டிங்கைக் கூட்டினால் தெருவுக்குள் நுழையும்போது கண்ணாடி அதிரும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள், எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய தகரத்தில் முறுக்குங்கள்.