ஒரே சாம்பார், இரண்டு கிளை: சமையல் அளவை ஷீட்டில் ஏற்றுவது எப்படி

கோவையில் எங்கள் பழைய டிபன் கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர், புதுக் கிளையில் இட்லி சாப்பிட்டுவிட்டு கல்லாவில் காசு கொடுக்கும்போது கேட்டார்: "சாம்பார் அங்கிருந்து வர்றதில்லையா?" கிளை திறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே பருப்பு, ஒரே பொடி. மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்ட அதே அளவு. ருசி மட்டும் வேறு.

அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எங்கெங்கே வழி தவறினேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது. இங்கே சாம்பாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கைவந்துவிட்டால் சட்னி, குருமா எல்லாம் அதே வழிதான். தராசில் பாத்திர எடையைக் கழிப்பது, கூகுள் ஷீட்டைத் திறப்பது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

தராசு இரண்டு. 30 கிலோ வரை நிறுக்கும் மேசைத் தராசு ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. ஒன்றை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். என் பெரிய தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் தாவும். பெருங்காயம் ஆறு கிராம் போட வேண்டிய இடத்தில் அது ஐந்தா பத்தா என்று முழிக்கும்.

படியையும் ஆழாக்கையும் அடுப்படியை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும், அளப்பவர் தலைதட்டினாரா குவித்தாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். எல்லாம் கிராம்.

மாதச் சந்தா கட்டும் உணவக மென்பொருள்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இரண்டு கிளை, முப்பது பண்டம் என்றால் கூகுள் ஷீட் தாராளமாகப் போதும். அளவே தெரியாத நிலையில் எந்தச் செயலியை வாங்கினாலும் அதில் போட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

மாஸ்டரிடம் கேட்காதீர்கள், டப்பாவை நிறுங்கள்

சாம்பார், குருமா வைக்கும் எங்கள் சரக்கு மாஸ்டருக்கு இருபத்தைந்து வருட அனுபவம். "உப்பு எவ்வளவுண்ணே?" என்றால், "ரெண்டு கை" என்பார். நானும் அவர் கையில் உப்பை அள்ளச் சொல்லி நிறுத்து எழுதிக்கொண்டேன். அதுதான் முதல் தப்பு. எழுதுகிறோம் என்று தெரிந்ததும் கை வேறு மாதிரி அள்ளுகிறது. கடைசியில் ருசி பார்த்து இன்னும் ஒரு சிட்டிகை போடுவாரே, அதை யாரும் சொல்வதே இல்லை, அவருக்கே அது நினைவில் இருக்காது.

அப்புறம் கண்டுபிடித்த வழி இது. காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் உப்பு டப்பா, பொடி டப்பா, புளிப் பாத்திரம், எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் நிறுத்து எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் அதிலிருந்து வேறு பண்டத்துக்கு எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அவர் தன் போக்கில் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம். சாம்பாரை இறக்கியதும் மறுபடி நிறுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் போட்டது.

ஒரு நாள் போதாது, ஐந்து நாள் எடுங்கள். எனக்கு ஒரு கிலோ பருப்புச் சாம்பாருக்கு உப்பு 104 கிராமிலிருந்து 118 கிராம் வரை போனது. ஐந்து நாளும் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அந்த இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். எதில் ஐந்து கிராம் கூடினால் பரவாயில்லை, எதில் ஒரு கிராம் கூடினாலே கெட்டுவிடும் என்பது அதில்தான் தெரியும்.

ஷீட்டில் ஏற்றுவது

துவரம் பருப்பை 100 என்று வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எங்கள் கணக்கு: உரித்த சின்ன வெங்காயம் 40, தக்காளி 50, பரங்கிக்காய் 30, புளி 12, சாம்பார் பொடி 12, எண்ணெய் 8, வெல்லம் 4, பெருங்காயம் 0.6. பேக்கரிக்காரர்கள் மைதாவை 100 என்று வைத்து எழுதும் அதே முறை. மேலே ஒரு கட்டத்தில் இன்றைக்குப் பருப்பு எத்தனை கிராம் என்று போட்டால், கீழே எல்லா அளவும் தானாக மாற வேண்டும்: விகிதத்தைப் பருப்பின் எடையால் பெருக்கி 100ஆல் வகுப்பது, அவ்வளவுதான் சூத்திரம்.

இங்கேதான் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். முதல் வரியில் சூத்திரம் சரியாக வந்தது. அதைப் பிடித்துக் கீழே இழுத்ததும் வெங்காயத்துக்குச் சரி, தக்காளிக்குப் பூஜ்யம், புளிக்கு ஏதோ லட்சத்தில் ஓர் எண். காரணம், இழுக்கும்போது பருப்பின் எடை இருக்கும் கட்டத்தின் முகவரியும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்ந்துவிடுகிறது. அந்த முகவரியில் எழுத்துக்கு முன்னால் ஒன்று, எண்ணுக்கு முன்னால் ஒன்று என இரண்டு டாலர் குறி போட்டுவிட்டால் அது அசையாது. கணினியில் என்றால் சூத்திரத்தில் அந்த முகவரி மேல் கர்சரை வைத்து எஃப்4 விசையை அழுத்தினால் போதும்.

இரண்டாவது சிக்கல், 'வெங்காயம்' என்று மொட்டையாக எழுதுவது. உரித்ததா, உரிக்காததா? ஷீட்டில் எப்போதும் சட்டிக்குள் போகும் எடை. மளிகைக்காரரிடம் சொல்ல வேண்டியது வேறு கணக்கு. நான் நிறுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்த பின் 880 கிராம் நின்றது. உரித்தது 400 கிராம் வேண்டுமென்றால் 400ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும், 455 கிராம் வரும். கழிவைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். கீரையில் பாருங்கள். பாதி கழிவு போகும் கட்டாக இருந்தால், ஆய்ந்த கீரை ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ வாங்க வேண்டும். பாதியைக் கூட்டி ஒன்றரைக் கிலோ வாங்கினால் முக்கால் கிலோதான் தேறும்.

தண்ணீர் அளவை எழுதாதீர்கள்

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பதிவே எழுதினேன். ஒரு கிலோ பருப்புக்கு 9.5 லிட்டர் தண்ணீர் என்று எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று கிலோ போட்டோம். ஷீட் 28.5 லிட்டர் என்றது, ஊற்றினோம். சாம்பார் இலையில் நிற்காமல் ஓடியது.

கொதிக்கும்போது எவ்வளவு ஆவியாகிறது என்பது பெரும்பாலும் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் தீயையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே மூன்று மடங்கு இருக்கிறது என்பதற்காக ஆவி மூன்று மடங்கு போகாது. ஆகவே தண்ணீரை எழுதாமல் இறக்கும் எடையை எழுதுங்கள்: ஒரு கிலோ பருப்புக்கு 11 கிலோ சாம்பார். கொஞ்சம் குறைத்து ஊற்றி, கடைசியில் வெந்நீர் விட்டு அந்த எடைக்குக் கொண்டுவாருங்கள். உப்பையும் பருப்போடு கட்டாமல் இந்த எடையோடு கட்டிவிடுங்கள். எங்களுக்கு இறக்கும் எடையில் ஒரு சதவீதம்.

சரி, 33 கிலோ கொதிக்கிற அண்டாவை யார் தூக்கித் தராசில் வைப்பது? யாரும் தூக்கக் கூடாது. ஒரு நாள் காலி அண்டாவில் பச்சைத் தண்ணீரை 11, 22, 33 லிட்டர் என்று ஊற்றி, ஒரு ஸ்டீல் கம்பியை நிறுத்தி, தண்ணீர் நிற்கும் உயரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாம்பாரின் எடை கொஞ்சம் வித்தியாசப்படும், இந்த வேலைக்கு அது பெரிதில்லை. கம்பி அந்த அண்டாவுக்கு மட்டும்தான் செல்லும். ஒரு தடவை வேறு அண்டாவில் விட்டுப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். சின்னப் பாத்திரங்களுக்கு இன்னும் சுலபம்: பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, கடைப் பெயரோடு காலி எடையையும் வெட்டி வாங்கிவிட்டேன்.

அடுப்படிக்குக் கொண்டுபோவது

டேப்லெட் வாங்கி மாட்டாதீர்கள். மஞ்சள் கையும் ஆவியும் அதை ஒரு மாதம் வாழவிடாது. நான் தினமும் அன்றைய அளவை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுகிறேன். மேலே தேதி பெரிதாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவதும் வேண்டாம், பழைய படம் ஒன்று யாருடைய போனிலாவது உட்கார்ந்திருக்கும். ஷீட்டை எல்லோரும் பார்க்கலாம், திருத்தும் அனுமதி எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும்.

புதுக் கிளையில் கூடமாட வேலை செய்யும் இரண்டு பையன்கள் ஒடிசாக்காரர்கள், தமிழ் படிக்க வராது. டப்பாக்களுக்கு எண் ஒட்டி, தாளிலும் அதே எண்ணைப் போட்டோம். 'பொன்னிறமாக' என்ற சொல்லுக்குப் பதில் வெங்காயம் வதங்கிய நிலையின் புகைப்படம் ஒன்று சுவரில் இருக்கிறது.

மாஸ்டர் இதற்கெல்லாம் உடனே ஒத்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். "என் கைய அளந்து எழுதிட்டா, அப்புறம் நான் எதுக்கு தம்பி?" என்று ஒரு நாள் மாவு அறையில் வைத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. தினமும் காலை ஏழு மணிக்குப் புதுக் கிளையின் சாம்பார் ஒரு தூக்கில் அவரிடம் வரும், அவர் தலையாட்டிய பிறகுதான் அங்கே பரிமாறுவது என்று முடிவு செய்தோம். சம்பளமும் கூட்டினேன். தாளின் தலைப்பில் அவர் பெயர்தான் இருக்கிறது.

அளவு சரி, ஆனாலும் ருசி வேறு

இவ்வளவும் செய்தும் புதுக் கிளைப் பருப்பு மலரவில்லை, விதைவிதையாகவே நின்றது. பழைய கடையில் சிறுவாணித் தண்ணீர், இங்கே போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடும், எவ்வளவு விசில் விட்டாலும் குழையாது. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் வேகும்தான், ஆனால் அளவு தப்பினால் சோப்பு வாடை வரும், எனக்குப் பிடிக்காது. பருப்பு வேக வைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் என்று மாற்றினோம். புளிக்கரைசலைப் பருப்பு நன்றாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதையும் தாளில் தனி வரியாக எழுதினோம், ஏனென்றால் புளிப்பும் பருப்பை வேகவிடாது. அந்த வாரம் மாஸ்டர் முதல்முறையாகத் தலையாட்டினார்.

பின்சேர்க்கை 1: கல்லுப்பா, தூள் உப்பா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துப் போட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, கரண்டியில் அள்ளினால்தான் கல்லுப்பு குறைவாக வரும். ஆனால் மழைக்காலத்தில் கல்லுப்பு நீர்த்து கனத்துவிடும். ஈர உப்பை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறீர்கள். மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பிரியாணிக் கடை நடத்தும் ஒருவர் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டார். பிரியாணி மாஸ்டர்கள் ஏற்கெனவே 'ஒரு கிலோ அரிசிக்கு' என்றுதானே பேசுகிறார்கள். அரிசியை 100 என்று வையுங்கள், மற்றது எல்லாம் இதேதான். புது அரிசி, பழைய அரிசிக்குத் தண்ணீர் மாறும் என்பதால், மூட்டை மாறும் அன்று அரைக் கிலோ போட்டுப் பார்த்துவிட்டு அந்த வரியைத் திருத்துங்கள்.

பின்சேர்க்கை 3: இட்லி மாவுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுவது? மணியை எழுதாதீர்கள். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும் மாவு, சித்திரையில் ஆறிலேயே பொங்கி வழியும். ஊற்றிய மட்டத்தில் பாத்திரத்துக்கு வெளியே ஒரு டேப், எழும்ப வேண்டிய மட்டத்தில் இன்னொரு டேப். மாவு மேல் டேப்பைத் தொட்டதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.