தோல் ஷூவுக்கு பாலிஷ் போடுவது எப்படி

பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் லேஸைக் கழற்றிவிடுங்கள். நாக்குப் பகுதியில் சேர்ந்திருக்கும் தூசி அப்போதுதான் கண்ணில் படும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு. முழுக்கக் காயட்டும். தூசியோடு தேய்த்தால் தோலில் கீறல்தான் விழும்.

கிரீம் வேறு, மெழுகு பாலிஷ் வேறு. கிரீம் தோலுக்குள் இறங்கி மிருதுவாக்கும், வெளுத்த நிறத்தையும் ஓரளவு மீட்கும். மெழுகு மேலேயே தங்கிப் பளபளப்பைக் கொடுக்கும். நான் முதலில் கிரீம் போட்டு பிரஷ் அடித்துவிட்டு, அப்புறம்தான் மெழுகைத் தொடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை ஷூவின் முன்முனைதான். பழைய பனியன் துணியை இரண்டு விரலில் சுருக்கமில்லாமல் இறுக்கிச் சுற்றிக்கொள்வேன். துளி மெழுகு தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கும்போது முதலில் மங்கலாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் அதே வட்டத்தைத் தொடருங்கள். மங்கல் மெல்ல விலகி, ஜன்னல் வெளிச்சம் தோலில் தெரிய ஆரம்பிக்கும். அவ்வளவு அழகு! மெல்லிய பூச்சாகப் பல முறை போட வேண்டும். ஒரேயடியாக அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். குதிகாலின் பின்பக்கத்துக்கும் இதே முறைதான்.

நடக்கும்போது மடங்குகிற இடத்தில் மட்டும் மெழுகை ஏற்றாதீர்கள், வெடித்துக் கோடு விழும். அங்கே கிரீமும் குதிரைமுடி பிரஷ்ஷும் போதும்.

சொரசொரப்பான ஸ்வேட் தோல் ஷூவுக்கு இது எதுவும் ஆகாது. அதற்கென்று இருக்கிற பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் சரி.