புதிய என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்களுக்கு: முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் போதும், கலை அறிவியல் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு (என்.எஸ்.எஸ்.) புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களிடமிருந்து, அதாவது திட்ட அலுவலர்களிடமிருந்து, போன் வரத் தொடங்கிவிடும். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு எந்த ஊர், என்ன வேலை, பேனரில் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்பார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்யப்போகிறார்கள் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும். வருகைப் பதிவேடு, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணிக்கணக்கை நிரப்புவது

ஒரு வாலண்டியர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் நாற்காலி போட, சந்தனம் நீட்ட, விருந்தினருக்குக் காபி கொண்டுபோக இவர்களை அனுப்பிவிட்டு, அதையும் இந்தக் கணக்கில் எழுதுகிறார்கள். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது, படிக்கிற பிள்ளைகள் சமூகத்தோடு பழகி அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். விழாவுக்கு ஆள் கேட்டு வந்தால், "இன்னைக்குக் கிராமத்துக்குப் போறாங்க சார்" என்று சொல்லப் பழகுங்கள்.

மரக்கன்று

முகாம் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான் நடக்கிறது. யார் தண்ணீர் ஊற்றுவார் என்று பெயர் எழுதாமல் ஒரு கன்றுகூட நடாதீர்கள்.

படிவங்களைப் பீரோவில் பூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. முகாமின் இரண்டாம் நாள் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன படிப்பு, ரேஷன் கார்டு உண்டா, கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து. நிறைவு விழா முடிந்ததும் அத்தனை படிவமும் கட்டாகக் கட்டப்பட்டுப் பீரோவுக்குள் போய்விடும். அடுத்த வருடம் வேறொரு கல்லூரி வந்து அதே வாசலில் நின்று அதே கேள்விகளைக் கேட்கும்.

கரிசல் பக்கம் ஓர் ஊரில் முகாம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியோடு நானும் தெருவுக்குள் போனேன். அவள் படிவத்தை எடுக்கும் முன்பே ஒரு பாட்டி, "போன வருசமும் இப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனாக தாயி. குழாயில தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. கழிப்பறை உண்டா என்றதற்கு உண்டு என்றார். டிக் போடப் போனவள் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தாள். உள்ளே கூரை வரைக்கும் கருவேல விறகு அடுக்கியிருந்தது. பீங்கானை மறைத்துக்கொண்டு ஆட்டுக்கான தழைக்கட்டு. குடிக்கிற தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்போது இதற்கு எங்கே போய் ஊற்றுவது என்றார் பாட்டி. அவள் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘விறகு’ என்று எழுதிவைத்தாள். மறுநாள் மற்றக் குழுக்களையும் கொல்லைப்புறம் பார்க்கச் சொன்னோம். படிவத்துக்குப் படிவம் அதே சொல்.

அந்த ஊராட்சிக்குத் தெரிய வேண்டிய விஷயம் அதுதான். கழிப்பறை கட்டிய வீடு என்று கணக்கில் இருக்கிறது, ஊற்றத் தண்ணீர் இல்லை. இதை எழுத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஏழு நாளுக்குள் ஜனவரி 26 விழும்படி முகாமை வையுங்கள். தேர்வு அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மல்லுக்கட்டுங்கள்.

படிவங்களை அன்றன்று இரவே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும். கிராம சபைக்கு முந்தைய மாலை மந்தையில் வைத்து ஊருக்கே வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரர் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள். தப்பு இருந்தால் ஊர்க்காரர்களே திருத்துவார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் அதை மனுவாகக் கொடுக்கட்டும். இந்த இடத்தில் ஆர்வக்கோளாறில் நன்றாகப் பேசுகிற மாணவனை எழுப்பிவிடுகிறார்கள். கிராம சபையின் உறுப்பினர் அந்த ஊராட்சியின் வாக்காளர்தான், நாம் இல்லை. நம் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது, யார் பேசினால் ஏறுவதில்லை என்று பார்க்கட்டும். தலைமைப் பண்பு பற்றி வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு நடத்தும் எந்த வகுப்பிலும் இது கிடைக்காது. கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போய் "அது என்ன ஆச்சு?" என்று கேட்க அந்த எண் வேண்டும்.

காலனியைக் கடைசியில் வைப்பது

தொடக்க ஊர்வலம் பெரிய தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். காலனிக்கு மட்டும் நேரம் இருக்காது. வழிகாட்ட வருகிற ஊர்ப் பெரியவர் எந்தத் தெருவைக் காட்டுகிறாரோ அதுதான் உங்கள் கணக்கெடுப்பிலும் ஏறும். முதல் நாள் வேலையைக் காலனியிலிருந்தே தொடங்குங்கள். யாராவது முகம் சுளித்தால் நீங்கள் போய்ப் பேசுங்கள், பிள்ளைகளை முன்னால் தள்ளாதீர்கள்.

சமையல்

ஆண்பிள்ளைகளும் வெங்காயம் உரிக்கட்டும், அண்டா கழுவட்டும்.

புகைப்படம்

ஒருவர் கைநீட்டி வாங்கும்போது எடுக்காதீர்கள்.

பொறுப்பு மாறும்போது

திட்ட அலுவலர் மாறினால் தத்து கிராமமும் மாறிவிடுகிறது. புதியவர் தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்; பழைய ஊரின் தீர்மானம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும்போது ஸ்டாக் ரிஜிஸ்டரோடு தீர்மான எண்கள் எழுதிய நோட்டையும் கொடுங்கள். புதியவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் ஊராட்சிச் செயலர், பள்ளித் தலைமையாசிரியர், மனு கொடுத்தவர் மூவரையும் நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.