இராமநாதபுரம் கடற்கரையில் பண்ணை நிலம்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரைப் பகுதியில் சிறு பண்ணை அமைக்க நிலம் தேடுவோரில் பலர் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்துப் பத்திரத்தைப் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பற்றியோ கிரயம் முடிந்து போர் போடும் நாளில்தான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையே முதல் தவறு. பத்திரத்தில் உள்ள குறையைப் பணமும் காலமும் செலவிட்டுச் சரிசெய்துகொள்ளப் பல வேளைகளில் வழி உண்டு. நிலத்தடி நீர் உவராக இருந்தால் எந்த அலுவலகத்திலும் அதற்குத் தீர்வு கிடையாது.

இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. தை மாதம் வந்து பார்ப்பவருக்குக் கிணறு நிறைந்து, நீர் நன்றாக இனித்து, நிலம் பச்சையாகத் தெரியும். அதே கிணற்றை வைகாசியிலோ ஆனியிலோ பார்த்தால்தான் அதன் உண்மை நிலை புரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கோடையில் சமதளமாக, கட்டாந்தரையாகக் காட்டப்படும் நிலம், மழைக்காலத்தில் கண்மாயின் நீர் தேங்கும் உள்வாயாகவோ ஓடை புரளும் பள்ளமாகவோ மாறி மாதக்கணக்கில் நீரில் நிற்கக்கூடும். ஆகவே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உச்சிப்புளி, மண்டபம் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் நீரின் அமைப்பே வேறு. மணலில் இறங்கும் மழைநீர், கடலிலிருந்து ஊடுருவி அடியில் நிற்கும் கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலநீரியல் கணக்கு. அதன் மறுபக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: மேல்மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் அதே விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 40 அடி, ஏறி வரும். 'இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும்' என்று உள்மாவட்டங்களில் சொல்லப்படும் அறிவுரை இங்கே பெருந்தவறாகிவிடுவது இதனால்தான். ஆழம் குறைந்த, வாய் அகன்ற ஊற்றுக் கிணறும், சிறிய மோட்டாரும், சிறுகச் சிறுக எடுக்கும் வழக்கமும் இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

விற்பவர் சொல்வதைக் கேட்பதைவிட, பக்கத்துத் தோட்டத்தைச் சற்று நேரம் நின்று பார்ப்பது பயனுள்ளது. வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, தரிசில் உவர் நிலத்தில் வளரும் உமரிச் செடி படர்ந்திருக்கிறதா, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு நீரையும் மண்ணையும் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் கீழே இருந்தால் உவர்த்தன்மையால் தொல்லை இல்லை; 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளை மறந்துவிட வேண்டியதுதான். இராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எந்தப் பயிர் தாங்கும் என்பதை அங்கே கேட்டறியலாம். அருகில் இறால் பண்ணையோ உப்பளமோ இருந்தால் சோதனை முடிவு நன்றாக இருந்தாலும் தயங்குவது நல்லது.

அடுத்தது பட்டா. பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் நிலம் உங்களுடையது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே, அது உரிமை மூலம் ஆகாது. 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் பணியின்போது ஒருவரின் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறிய பிழைகள் இன்றும் வழக்குகளாக நீடிக்கின்றன. ஆகையால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று வழக்கறிஞர் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது எடுக்க வேண்டும். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்தில் வாரிசு விவகாரம் தனிக் கவனம் கோருவது. குடும்பத்தில் ஒருவர் துபாயிலும் ஒருவர் மலேசியாவிலும் இருக்க, ஊரில் இருக்கும் அண்ணன் மட்டும் பேசி முன்பணம் வாங்கிவிடுவார். சகோதரிகளின் கையெழுத்தைப் பற்றிக் கேட்டால், 'அவர்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது' என்ற பதில் வரும். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989-லேயே நடைமுறைக்கு வந்தது. இசுலாமியச் சட்டத்தில் மகளுக்கும் மனைவிக்கும் முன்பிருந்தே பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். பவர் பத்திரம் காட்டப்பட்டால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று பாருங்கள், ஏனெனில் அவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது.

சேதுபதிகளின் சமஸ்தானமாக இருந்த இப்பகுதியில் தேவஸ்தான நிலங்களும் தர்காக்கள், பள்ளிவாசல்களைச் சேர்ந்த வக்பு நிலங்களும் நிறைய உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம், நிலமற்றோருக்காகத் தானமாகத் தரப்பட்ட பூதான நிலம், கண்மாய்ப் புறம்போக்கு ஆகியவையும் தனியார் நிலம்போல விற்பனைக்கு என்று காட்டப்படலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.

கடலை ஒட்டிய நிலம் என்று மகிழ்வோர், ஓதம் உயரும்போது நீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் நீள்வதை அறிய வேண்டும். கிராமப்புறங்களில் பெரும்பாலும் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடம் கட்ட முடியாது; நிலத்தடி நீர் எடுக்கவும் வரம்புகள் உள்ளன. வெளிநாடுவாழ் இந்தியர்கள் தம் பெயரில் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை.

சீமைக்கருவேலம் அடர்ந்த நிலம் மலிவாகத் தெரியும். தூரோடு பிடுங்கும் இயந்திர வாடகையையும், அடுத்த மழையில் விதை முளைத்து மீண்டும் கிளம்பும்போது ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். முள்ளுக்குள் எல்லைக்கல் இருக்கிறதா என்பதும் தெரியாது என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி அளந்து, வண்டி போகும் பாதை யாருடைய பட்டாவில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அது அடுத்தவர் நிலமாக இருந்தால், அவர் எழுதித் தரும் பாதை உரிமையையும் பதிவு செய்த பிறகே கிரயத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.