கலிபோர்னியாவில் சம்பளம் குறைவா? வரிக் கணக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்

வருமானம் கொஞ்சம்தான், வரியே வராது, அப்புறம் எதற்குக் கணக்குத் தாக்கல் என்று விட்டுவிடும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வரி கட்ட வேண்டியதே இல்லாதவர்களுக்கும் அரசு திருப்பித் தரும் பணம் இருக்கிறது, ஆனால் தாக்கல் செய்தால்தான் வரும். 2024 வரி ஆண்டுக்கு, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மத்திய அரசின் இஐடிசி, அதாவது குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்களுக்குத் தரும் வரிச் சலுகைப் பணம், அதிகபட்சம் 7,830 டாலர். அதே ஆண்டுக்கு, உழைத்துச் சம்பாதித்த வருமானம் 31,950 டாலருக்குள் இருந்தால் கலிபோர்னியா மாநிலம் தரும் இதே மாதிரியான கால்இஐடிசி தனி, வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதற்கு மேல் 1,154 டாலர் வரை கிடைக்கும். இந்த எண்கள் வருடா வருடம் மாறும், உங்கள் ஆண்டுக்கானதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவியில் ஒருவருக்கு எஸ்எஸ்என் என்ற சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல், அது இல்லாதவர்களுக்கு வரிக்காகத் தரும் ஐடிஐஎன் எண் மட்டும் இருந்து, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் மத்திய அரசின் இஐடிசி கிடைக்காது. ஆனால் கலிபோர்னியா 2020 வரி ஆண்டிலிருந்து ஐடிஐஎன் உள்ளவர்களுக்கும் கால்இஐடிசி தருகிறது. மத்திய அரசு இல்லையென்றதும் மாநிலமும் இல்லையென்று முடிவுகட்டி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, எங்கே போவது? வரிக் கணக்கை இலவசமாகப் போட்டுத் தரும் வீட்டா (VITA) மையங்களுக்கு. மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் நடத்தும் திட்டம் இது, கலிபோர்னியாவில் மாநில வரித்துறையும் கைகொடுக்கிறது. இலவசத் தாக்கலுக்கும் இந்தச் சலுகைகளைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் தொண்டு அமைப்புகளுக்கு மாநில அரசு நிதி தருகிறது. நூலகம், சமுதாயக் கூடம், கல்லூரி என்று பல இடங்களில் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நடக்கும். 211 எண்ணுக்கு போன் செய்து, வீட்டுக்கு அருகில் எது என்று கேட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அப்போதே கேளுங்கள்.

போகும்போது கணவன் மனைவி இருவரும் போக வேண்டும், சேர்ந்து தாக்கல் செய்தால் இரண்டு பேர் கையெழுத்தும் தேவை. போட்டோ ஐடி, பிள்ளைகள் உட்பட எல்லாருடைய எஸ்எஸ்என் அட்டை அல்லது ஐடிஐஎன் கடிதம், வேலை கொடுத்தவர் தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவம், ஊபர், டோர்டாஷ் ஓட்டினால் அதன் வருமானத்துக்கான 1099 படிவம், மாநிலத்தின் கவர்ட் கலிபோர்னியா மருத்துவக் காப்பீடு இருந்தால் 1095-ஏ படிவம், போன வருட ரிட்டர்ன், வங்கியின் ரவுட்டிங் எண், கணக்கு எண். ஊரில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் வட்டி வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அங்கே வரி இல்லை என்றாலும் இங்கே உண்டு, எல்லா மையமும் அதை எடுத்துக்கொள்ளாது என்பதால் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முதலில் 13614-சி என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். ஐஆர்எஸ் தேர்வில் தேறிய தன்னார்வலர் கணக்கைப் போட்டதும் இன்னொருவர் சரிபார்ப்பார். கையெழுத்துப் போடும் முன் 1040 என்ற வரிக் கணக்குப் படிவத்தில் 35பி, 35டி என்ற இடங்களில் உள்ள எண்களை உங்கள் வங்கி எண்களோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒரு எண் தவறினாலும் பணம் மாதக்கணக்கில் அலையும்.

கடைத்தெருவில் ‘இன்றே ரீஃபண்ட்’ என்று போர்டு வைத்திருப்பவர்கள் பலர் கட்டணத்தை உங்கள் ரீஃபண்டிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். இஐடிசி உள்ள ரீஃபண்டை பிப்ரவரி நடுவுக்கு முன் ஐஆர்எஸ் யாருக்கும் விடுவிக்காது, சட்டமே அப்படி. அதற்கு முன் கையில் தருகிறேன் என்றால் அது கடன். காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்னில் தன் கையெழுத்தும், காசு வாங்கிக் கணக்குப் போடுபவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் பிடிஐஎன் எண்ணும் போட மறுப்பவரிடம் உட்காரவே உட்காராதீர்கள்.

முந்தைய வருடங்களுக்குத் தாக்கல் செய்யவில்லையா? ரீஃபண்ட் கேட்க பொதுவாக மூன்று வருடம் வரை நேரம் உண்டு, அந்த வருட டபிள்யூ-2-வையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஐஆர்எஸ்ஸிடமிருந்து ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தால் அதற்கு எல்ஐடிசி என்ற தனி மையங்கள் இருக்கின்றன, குறைந்த வருமானக்காரர்களுக்காக ஐஆர்எஸ்ஸிடம் வாதாடுபவர்கள் அங்கே கிடைப்பார்கள்.